கஷ்டப்பட்டால் முன்னேறலாம் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

சேரம்பாடி_செல்வன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு, மாலை வகுப்பு நடத்துகிறோம். பத்தாவதும் பன்னிரண்டாவதும்தான் அதிகம். காலாண்டு மார்க் வந்ததிலிருந்து பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பையன்கள் திருப்பூருக்குப் போகிறோம் என்று பையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ஒரு கூட்டம் வைத்து, சவால்களைச் சந்தித்தால்தான் வளர முடியும் என்று நாலு வார்த்தை சொல்லச் சொல்லி அம்மாக்கள் கேட்கிறார்கள். பேச வேண்டியவன் நான்.

மேடையில் பேச எனக்கு வரும், அது பிரச்சினை இல்லை. "கஷ்டப்பட்டவன்தான் ஜெயிப்பான்" என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் அவரவர் வீட்டை நினைத்துப் பார்ப்பார்கள். மூன்று தலைமுறையாகக் கஷ்டப்பட்ட வீடு அது. அந்தக் கணக்குப்படி இந்நேரம் ஊரே கலெக்டர்களால் நிரம்பியிருக்க வேண்டுமே!

கஷ்டம் உண்மையிலேயே ஆளை வளர்க்குமா? எப்போது வளர்க்கும்? மலைக்காரர்கள் சொல்லுங்கள்.

---

கல்லாறு_பாயிண்ட்ஸ்மேன்

தம்பி, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்கு நம் மலை ரயில் கதையைச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சவால் இந்த மாவட்டத்தில் எது?

1854-ல் யோசனை வந்தது. வேலை தொடங்கவே 1891 ஆகிவிட்டது. 1899-ல் குன்னூர் வரை வண்டி ஓடியது, உதகைக்குப் போய்ச் சேர 1908. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏற வேண்டும், 46 கிலோமீட்டருக்குள். 16 குகை, 250 பாலம், 208 வளைவு. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரண சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்து, எஞ்சினுக்கு அடியில் அதைக் கவ்வுகிற பல்சக்கரத்தை வைத்தார்கள். அந்தப் பல்சக்கரத்தைச் சுற்றத் தனி சிலிண்டர்கள். குன்னூர் வந்ததும் பல்லுக்கு வேலை முடிந்தது. மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். ஏதாவது கழன்றுவிட்டால் பெட்டி தனியாகக் கீழே ஓடிவிடக் கூடாதல்லவா, அதற்காக. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

சவால் இல்லையென்றால் இந்த அறிவு எங்கிருந்து வந்திருக்கும்?

---

தேவாலா_மழை

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாறையை உடைத்தவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? சவாலைச் சந்தித்தவர்கள் அவர்கள்தான். வடிவமைத்தவர்களுக்குப் பெயரும் புகழும் சம்பளமும் கிடைத்தன. மலையடிவாரத்தில் காய்ச்சல் கண்டு செத்தவனுக்கு என்ன வளர்ச்சி கிடைத்தது? ஜெயித்தவனை மட்டும் நிற்க வைத்துப் பேட்டி எடுத்தால் "கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது" என்றுதான் சொல்வான். ஆளாகாதவனிடம் யார் மைக்கை நீட்டுகிறார்கள்?

---

கல்லாறு_பாயிண்ட்ஸ்மேன்

கேட்பது நியாயம்தான் அம்மா. ஆனால் அதைப் போய்ப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

---

ஊட்டி_பழசு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் டிசம்பர் உறைபனியில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனோம். இப்போது ஒரு டெஸ்டில் மார்க் குறைந்தால் அழுகை. நாலு நாள் பட்டினி போட்டால் தானாகப் படிப்பார்கள்.

---

தேவாலா_மழை

@ஊட்டி_பழசு உங்களோடு செருப்பில்லாமல் நடந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது தாண்டினார்கள் என்பதையும் எழுதுங்களேன்.

---

ஹட்டி_மாதன்

நான் சிறு தேயிலை விவசாயி, படுகர். எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா காலத்தில் எங்களுக்கு உருளைக்கிழங்குதான் சோறு போட்டது. 1961-ல் உதகைப் பக்கம் உருளைக்கிழங்கில் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரில் தொற்றும் புழு. கூடு கட்டி மண்ணுக்குள்ளேயே பல வருஷம் கிடக்கும். நீங்கள் கிழங்கு போடாமல் விட்டால் அது காத்திருக்கும், போட்டால் எழுந்து வரும். பிறகு முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்து, புழுவைத் தாங்குகிற குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தைக் கொண்டு வந்தார்கள். அது வந்தது 1985-ல். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் நிறையப் பேர் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். குந்தாவில் 1962-ல் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற இடங்களில். தேயிலையும் நல்லபடியாகத்தான் போனது. நம் தேயிலையை நிறைய வாங்கிய சோவியத் யூனியன் உடைந்து அந்தச் சந்தை சுருங்கியது. 90-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது பாருங்கள், அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கொழுந்து பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அடி எல்லோருக்கும் ஒன்றுதான் விழுந்தது. விளைவு ஒன்றாக இல்லை. கொஞ்சம் நிலம் கூடுதலாக இருந்தவன், வீட்டில் ஒருவர் அரசுச் சம்பளம் வாங்கியவன், அவனெல்லாம் அந்த நேரத்தில் துணிந்து கேரட்டுக்கும் புரோக்கோலிக்கும் மாறினான், பிள்ளையைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்தான். இன்றைக்கு மேடையில் "நெருக்கடிதான் எனக்குப் பாடம்" என்று பேசுகிறான். பொய் சொல்லவில்லை, அவன் உழைப்பும் உண்மைதான். அரை ஏக்கர்க்காரன் நகையை அடகு வைத்தான், அப்புறம் நிலத்தை விற்றான். அவனும் அதே அளவு புத்திசாலி, அதே அளவு உழைப்பாளி. ஒரு முறை தோற்றுப் பார்க்க அவனிடம் காசில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

குன்னூர்_சிஸ்டர்

மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஹட்டி_மாதன் அண்ணா சொன்னது ஆராய்ச்சியிலும் வருகிறது.

2010-ல் மார்க் சீரி என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நிறையப் பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கேட்டது. வாழ்க்கையில் பெரிய அடியே படாதவர்களைவிட, ஓரளவு அடிபட்டவர்கள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். அதிகமாக அடிபட்டவர்களைவிடவும் மேலாக இருந்தார்கள். ஆகவே @ஊட்டி_பழசு ஐயா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, எதுவுமே படாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பது நல்லதில்லை. ஆனால் "எவ்வளவு அடிபடுகிறானோ அவ்வளவு உறுதி" என்பது உண்மையில்லை.

இன்னொன்று, இது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1967-ல் செலிக்மன், மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். (இன்றைக்கு அப்படிச் செய்ய விடமாட்டார்கள், நல்லதுதான்.) இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு மின்அதிர்ச்சி. முதல் கூட்டம் தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது கூட்டம் எதைச் செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டையும் ஒரு பெட்டியில் விட்டார்கள், சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாவதில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டன. பட்ட வலி இரண்டுக்கும் சமம். செய்தால் பலன் உண்டு என்று ஒன்று கண்டது, மற்றது காணவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து 2016-ல் அந்த இருவருமே தங்கள் விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். அடங்கிப் போவதை யாரும் கற்றுக்கொள்வதில்லையாம். தொடர்ந்து அடி விழுந்தால் அடங்குவதுதான் மூளையின் இயல்பு. "என்னால் இதை மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

அதனால் செல்வன், அந்தப் பையன்கள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கள் முயற்சிக்குப் பலன் வந்ததை அவர்கள் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

---

ஊட்டி_பழசு

நாயை வைத்துச் சொன்னால் மனுஷனுக்குப் பொருந்துமா? எங்கள் காலத்தில் எந்த ஆராய்ச்சி இருந்தது? வைராக்கியம் இருந்தது.

---

குன்னூர்_சிஸ்டர்

மனிதர்களை வைத்தும் பின்னால் செய்திருக்கிறார்கள் ஐயா, சத்தத்தையும் விடை இல்லாத புதிர்களையும் வைத்து. வைராக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

---

தேவாலா_மழை

நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். சொல்கிறேன்.

என் அப்பாயி கண்டிச் சீமையிலிருந்து, அதாவது இலங்கைத் தோட்டத்திலிருந்து, வந்தவள். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை எந்த நாடு ஏற்பது என்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அப்பாயியிடம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே வந்தாள். இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, 1976-ல் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. காட்டுச் சரிவில் புதிதாகச் செடி வைத்தவர்கள் இவர்கள். மழை, அட்டை, யானை. அப்பாயி சாகும்வரை கொழுந்து பறித்தாள். அவள் "வளர்ந்தாளா"? அதே லயத்தில்தான் கண்ணை மூடினாள்.

இன்று நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஊர்த் திருவிழாவில் என்னை மேடையேற்றி, கஷ்டத்தில் பிறந்து கஷ்டத்தில் படித்து என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். கஷ்டம் என்னைப் படிக்க வைக்கவில்லை. இலவச பஸ் பாஸ் படிக்க வைத்தது. அரசு விடுதியில் மூன்று வேளைச் சோறு படிக்க வைத்தது. முதல் பட்டதாரிச் சலுகை கல்லூரிக் கட்டணத்தைக் குறைத்தது. கணக்கில் நான் ஃபெயிலானபோது ஒரு டீச்சர் எட்டு மணி வரை உட்கார்ந்து அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைத்தார். அந்தக் கணக்கு எனக்குச் சவால்தான், அது என்னை வளர்த்தது, ஒத்துக்கொள்கிறேன். பசியை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

---

கவாத்துக்_கத்தி

நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டில் இருந்தவன் நான். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன், இனி முடியாது.

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவோம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். இலை ஒன்று விடாமல் போய், குச்சிதான் நிற்கும். வெட்டாவிட்டால் செடி மரமாகப் போய்விடும், கொழுந்து நின்றுவிடும். அந்த வெட்டுத்தான் செடியைத் திரும்ப இளசாக்குகிறது. இதைக் கேட்டதும் ஊட்டி_பழசு ஐயா கை தட்டுவார், கொஞ்சம் பொறுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வேரில் ஒரு துண்டை எடுத்து, குறுக்கே நறுக்கி, அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்போம். நல்ல கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாமல் வெளிறிக் கிடந்தால் கத்தியை உள்ளே வைக்க வேண்டும். கொழுந்து பறிப்பதை நிறுத்தி, செடிக்கு ஓய்வு கொடுத்து, சத்துச் சேர்ந்த பிறகுதான் வெட்டு. ஏனென்றால் வெட்டின பிறகு செடிக்கு இலையே கிடையாது, சமைத்துச் சாப்பிட வழியில்லை. வேரில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் புதுத் துளிர் விட வேண்டும். சேர்த்து வைக்காத செடியை வெட்டினால் அது துளிர்க்காது, கிளை கிளையாகக் காய்ந்து சாகும். பக்கத்தில் உள்ள செடி தளதளவென்று வரும். கத்தி ஒன்றுதான், வெட்டினவனும் ஒருவன்தான்.

எங்கள் தொழிலில் துளிர்க்காத செடியைப் பார்த்து "உனக்கு வைராக்கியம் இல்லை" என்று யாரும் திட்டுவதில்லை. அயோடின் பார்க்காமல் வெட்டச் சொன்ன சூப்பர்வைசரைத்தான் திட்டுவோம்.

---

கோத்தகிரி_டீச்சர்

கவாத்துக்_கத்தி ஐயா, இதை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

செல்வன் தம்பிக்கு நடைமுறையில் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய கஷ்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது படிப்புக்குள்ளேயே இருக்கிறது. ராபர்ட் ப்யோர்க் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதைச் சொல்லி வருகிறார். படிக்கும்போது கொஞ்சம் கடினமாக இருக்கிற முறைதான் நெடுநாள் நினைவில் நிற்கும், சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிற முறை நிற்காது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தை இரண்டு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிஷத்தில் கேட்டால் திரும்பப் படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

நம் பிள்ளைகள் செய்வதெல்லாம் முதல் வகை. நோட்ஸை எடுத்துச் சத்தமாக ஐந்து தடவை படிப்பார்கள், தெரிந்துவிட்டது போலிருக்கும், பரீட்சையில் மறந்துபோகும். அப்புறம் "எனக்கு மூளை இல்லை மிஸ்" என்பார்கள். மூடி வைத்து எழுதச் சொன்னால் முதல் நாள் பாதிகூட வராது, கோபம் வரும். அந்தக் கோபத்தைத் தாண்டுகிற வரைக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். இரண்டாவது வாரம் மார்க் ஏறுவதை அவர்களே பார்த்துவிட்டால், குன்னூர்_சிஸ்டர் சொன்ன பலகை தள்ளுகிற நாய் கதைதான். அதற்கு மேல் உங்கள் சொற்பொழிவு தேவைப்படாது.

---

ஊட்டி_பழசு

நானும் சொல்ல வந்தது இதைத்தான். கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டும்.

---

தேவாலா_மழை

பட்டினி எங்கே போனது ஐயா? 😄

---

பிளஸ்டூ_பையன்

அண்ணா, நானும் செல்வன் அண்ணா வகுப்பில்தான் படிக்கிறேன். பேர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

எங்களுக்குச் சவால் பற்றிப் பள்ளியில் நிறையச் சொல்லியாயிற்று. சாயங்காலம் வகுப்பு முடிந்து போகும்போது பாதையில் யானை நின்றால் யாரும் அதைச் சவால் என்று சொல்லி எதிர்கொள்ளச் சொல்வதில்லை, ஓடுடா என்றுதான் சொல்வார்கள். அது பயமாக இருப்பதால்தான் நிறையப் பேர் வகுப்புக்கு வருவதில்லை. படிக்கப் பிடிக்காமல் இல்லை.

திருப்பூர் போகிறேன் என்று சொன்னதில் ஒருவன் என் நண்பன். அவனுக்குப் பிசிக்ஸ் மட்டும்தான் வரவில்லை. கெமிஸ்ட்ரியில் வகுப்பில் அவன்தான் இரண்டாவது. பிசிக்ஸ் சாருக்கு மாறுதல் வந்து போனதிலிருந்து யாரும் நடத்தவில்லை.

கோத்தகிரி டீச்சர் சொன்ன மாதிரி மூடி வைத்து எழுதுகிற டெஸ்ட் வைத்தால் நாங்கள் வருவோம். ஆனால் திருத்தித் தர வேண்டும். எழுதி வாங்கி வைத்துக்கொண்டு திருத்தாமல் விட்டால் வர மாட்டோம்.

---

ஹட்டி_மாதன்

தம்பி, நீ பேசியிருந்தால் நாங்கள் இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம்.

---

சேரம்பாடி_செல்வன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு கூட்டம் உண்டு, சொற்பொழிவு இல்லை. அம்மாக்களிடம் பேசிவிட்டேன், முதலில் கொஞ்சம் ஏமாற்றம், பிறகு சரி என்றார்கள்.

பத்து மணிக்கு பிசிக்ஸ், ஒரே ஒரு பாடம், மின்னோட்டவியல். அரை மணி நேரம் படிக்க, அரை மணி நேரம் மூடி வைத்து எழுத. அன்றைக்கே திருத்திக் கையில் கொடுப்பது. பக்கத்து எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் மாலை வகுப்பு நாட்களில் ஆறரைக்கு மேல்லயம் வரை ஒரு நடை அடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், டீசல் காசு மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊரில் வசூல் செய்கிறோம். திருப்பூர்ப் பையனின் அப்பாவிடம் அரையாண்டு வரை பொறுக்கும்படி கேட்டிருக்கிறேன். அவன் கையில் காசு இல்லாமல் அங்கே போவதும் நல்லதில்லை, இங்கே உட்கார்ந்து வீணாவதும் நல்லதில்லை. அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும்.

இப்போது எனக்குத் தேவை பிசிக்ஸ் தெரிந்த ஒருவர். நான் பி.காம்.

---

கல்லாறு_பாயிண்ட்ஸ்மேன்

என் மருமகள் கூடலூரில்தான் இருக்கிறாள், எம்.எஸ்சி. பிசிக்ஸ். இப்போது வேலைக்குப் போகவில்லை. கேட்டுவிட்டேன், ஞாயிறு வருவாள். பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு அவளிடமே இருக்கிறது. டீசலுக்கு என் பங்கையும் அனுப்புகிறேன்.

---

ஊட்டி_பழசு

என் பங்கையும் போட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்த ஆள் வேண்டுமா? தமிழும் கணக்கும் திருத்துவேன். மார்க் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

---

பிளஸ்டூ_பையன்

கணக்கு வேண்டும் சார். ஸ்டெப்புக்கு மார்க் உண்டா?